கடைசி வீட்டிலிருந்து தொடங்கிய கூரை

ஓடிப்போனாள் என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். ஓடுகிறவள் பன்னிரண்டடி ஏணியைத் தூக்கிக்கொண்டா ஓடுவாள்? பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, வரிசை வீட்டுச் சனம் மொத்தமும் படியில் நின்று வேடிக்கை பார்க்க, என் மருமகள் நடந்துதான் போனாள். ஏணியின் பின்முனையைத் தெருக்கோடிவரை பிடித்துக்கொண்டு போனது நான். எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

தையல்காரரோடு போய்விட்டாள் என்கிறீர்கள். அந்தத் தையல்காரர் இதோ இன்றைக்கும் கடைசி வீட்டில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடமே போய் அளவு கொடுக்கிறீர்கள், கை நீளம் சரியில்லை என்று சண்டையும் போடுகிறீர்கள். அப்படியே வெளியே வந்து, 'அவரோடு போய்விட்டாள்' என்று பேசுகிறீர்கள். பேசுகிற வாய் கொஞ்சமாவது கூசவேண்டாமா?

இன்னொரு கட்சி இருக்கிறது. மாமியார்க்காரிதான் விரட்டிவிட்டாள், ஏணியைக்கூடத் தானே தூக்கிக் கொடுத்து அனுப்பினாள் என்கிற கட்சி. ஏணியைத் தூக்கியது உண்மை. மற்றதெல்லாம் இட்டுக்கட்டியது. அதை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். இடையில் யாரும் குறுக்கே பேசாதீர்கள்.

எங்கள் வரிசையில் ஐந்து வீடுகள். கடல் பக்கத்து முனையில் இருப்பது எங்களுடையது. முதலில் கட்டியதும் அதுதான், என் வீட்டுக்காரர் கட்டியது. பக்கத்து மனையை வாங்கினவர் எங்கள் சுவரையே தனக்கும் ஒரு பக்கச் சுவராக வைத்துக்கொண்டு கட்டினார். அவர் சுவரை ஒட்டி மூன்றாவது வீடு வந்தது. அப்படியே நான்காவது, ஐந்தாவது. கூரையும் அதே மாதிரிதான் வளர்ந்தது. எங்கள் தகரத் தகடு முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுத் தகட்டின் ஓரத்தை மேலே ஏற்றி வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது. கடைசியில் பார்த்தால் ஐந்து வீட்டுக்கும் ஒரே கூரை.

நடுச்சுவர்கள் எதுவும் கூரைவரை போகவில்லை. செங்கல்லை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் எழுப்பிவிட்டு நிறுத்திவிட்டார்கள். அதனால் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் மாத்திரை போட்டாயா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் கிசுகிசுத்த பேச்சு தையல்காரர் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ஒரு சண்டையாகவே ஆகியிருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

என் மருமகளுடைய அப்பா பெரிய பெரிய ஷெட்டுகளுக்குக் கூரை போடுகிறவர். தாய் இல்லாத பெண், அப்பாவோடு வேலைக்குப் போய்ப் போய், முதலில் கீழிருந்து ஆணி எடுத்துக் கொடுத்தாள், பிறகு மேலேயே ஏறிவிட்டாள். கல்யாணத்தின்போது மற்றப் பெண்கள் கொண்டுவருகிற பாத்திரம் பண்டத்தோடு ஒரு அலுமினிய ஏணியும் வந்தது. அதை எந்த அறையிலும் நிறுத்த முடியவில்லை. வீட்டுக்குள் நடைச் சுவரில் இரண்டு கொக்கி அடித்துப் படுக்கப்போட்டு மாட்டினாள். நான் அதில் துண்டு காயப்போட்டுக்கொண்டேன். என் மகன் தினமும் காலையில் முழங்கையை அதில் இடித்துக்கொள்வான். வரிசை வீட்டில் அவளுக்கு 'ஏணி' என்றே பெயர் விழுந்தது. ஏணி வந்தாளா, ஏணி தண்ணீர் பிடித்தாளா என்றுதான் கேட்பார்கள். அவள் கோபப்பட்டதில்லை.

வாயில்லாத பெண் என்று நினைத்துவிடாதீர்கள். வாய் இருந்தது, எடுப்பதுதான் அபூர்வம். காலையில் கேட்ட கேள்விக்குச் சாயங்காலம் பதில் வரும். அதுவும் வேலை செய்துகொண்டே, நம் முகத்தைப் பார்க்காமல். எனக்கு அது பிடித்திருந்தது. என் மகனுக்குப் பிடிக்கவில்லை.

அவனைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், பெற்றவள் என்பதற்காக மறைக்க முடியாது. பெரிய கிடங்கு ஒன்றில் கேட்டில் நிற்கிற வேலை அவனுக்கு. வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்த்து அனுப்பவேண்டும். சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். அந்தப் பழக்கம் சட்டையோடு கழன்று விழுமா? நான் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தால்கூடப் பையை விரித்துப் பார்ப்பான். "என்னடா, கத்தரிக்காயத் திருடிக்கிட்டா வந்திருக்கேன்?" என்று கேட்டால் சிரிப்பான். சிரித்துக்கொண்டே அடிவரைக்கும் பார்ப்பான்.

நான் சொல்லவந்த சமாச்சாரத்துக்கு முந்தின புயல் காலத்தில் எங்கள் கூரை பேயாட்டம் ஆடியது. கடலிலிருந்து காற்று வரும்போதெல்லாம் தகட்டு ஓரங்கள் எழும்பி எழும்பி அடித்துக்கொண்டன. இரண்டாம் வீட்டுத் தகடு ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்து தெருவில் போய் விழுந்தது. ஆள் மேல் விழாதது எங்கள் அதிர்ஷ்டம். எல்லோரும் கல்லையும் மணல் மூட்டையையும் கூரைமேல் ஏற்றி வைத்தார்கள். அவள் மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன்.

அடுத்த காற்றுக் காலத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் பதில் வந்தது. நான் சமையலறையில் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் குந்தி, ஒரு மீனை எடுத்துத் தலையிலிருந்து வாலுக்குத் தடவிக் காட்டினாள். வழுவழுவென்று போனது. பிறகு வாலிலிருந்து தலைக்குத் தடவினாள். செதிலெல்லாம் எழும்பி விரலில் குத்தியது.

"நம்ம கூரைக்குக் காத்து வால் பக்கத்திலருந்து வருது அத்தை" என்றாள். "தகட்டு ஓரமெல்லாம் கடலைப் பாத்து வாயத் திறந்துக்கிட்டு நிக்குது. எத்தனை கல்லு வெச்சாலும் நிக்காது."

தவறு யாருடையதும் இல்லை. வீடு முளைத்த வரிசைப்படி கூரையும் முளைத்துவிட்டது. கடல் பக்கத்தில் தொடங்கி, மேலே மேலே ஏற்றிக்கொண்டே போய்விட்டோம். இதைச் சரி செய்யவேண்டுமானால் எல்லாத் தகட்டையும் கழற்றி, கடலுக்குத் தூரமான முனையில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கடலை நோக்கி ஏற்றிக்கொண்டு வரவேண்டும். புதுத் தகடு வேண்டாம், பழையதே போதும். ரப்பர் வாஷர் போட்ட புதுத் திருகாணி மட்டும் வேண்டும். முதல் தகடு போடவேண்டிய இடம் ஐந்தாம் வீடு. அது தையல்காரர் வீடு. அவர் மனைவி இறந்து போனவர், தனி ஆள்.

உங்களுக்கு இப்போது விளங்குகிறதா, ஒரு பேச்சு எங்கே பிறக்கிறது என்று?

அவளுக்கு அது தோன்றவே இல்லை. கூரை வேலை தெரிந்தவர்கள் கேட்காமலே புரிந்துகொள்வார்கள். அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டாள். ஒரு நாள் காலையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி, இரண்டாம் வீட்டைத் தாண்டி, மூன்றும் நான்கும் தாண்டி, தையல்காரர் வாசலில் போய்ச் சாத்தினாள். அவரிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். தைக்க வந்த துணியெல்லாம் நனைந்து கெட்டுப்போய் ஏச்சு வாங்கினவர், வேண்டாம் என்பாரா? மற்ற வீட்டாருக்கு அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரவர் முறை வரும்போது சொன்னால் போதும் என்று நினைத்தாளாம். அவள் செய்த பிழை இது ஒன்றுதான்.

மூன்றாம் வீட்டுக்காரிக்கு அன்று வேறு வேலையே ஓடவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வருவாள், அண்ணாந்து பார்ப்பாள், உள்ளே போவாள், மறுபடி அதே காலி வாளியோடு வருவாள். சாயங்காலம் என்னிடம் வந்து, "அக்கா, சொந்த வீட்டுக் கூரையை விட்டுட்டு யாராச்சும் அசல் வீட்டுக் கூரையை முதல்ல பாப்பாங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மீன் கதையைச் சொன்னேன். "மீனு சரிக்கா" என்றாள். அந்தச் 'சரிக்கா'வில் எத்தனை இருந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன் என்று சொல்லவரவில்லை. எனக்கும் கண் இருக்கிறது. யாரையும் சும்மா நம்புகிறவள் இல்லை நான். வாஷர் வாங்கப் போனபோதுகூட ரப்பரை நகத்தால் கிள்ளிப் பார்த்துத்தான் வாங்கினேன், கடைக்காரர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும். அதே போலத் தையல்காரரையும் கிள்ளிப் பார்த்துவிடுவோம் என்று, நன்றாக இருந்த ஒரு ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அவர் மெஷினில் இருந்தார். அவள் எங்கள் தலைக்கு மேலே டங்கு டங்கென்று நடந்துகொண்டிருந்தாள். ஒரு தடவை அவர் மேலே பார்த்து, "மேஸ்திரி, தூசி விழுதும்மா, வெள்ளைத் துணி" என்றார். அவள் மேலேயிருந்து, "மூடி வைங்க" என்றாள். இவ்வளவுதான் இரண்டு பேருக்கும் நடந்த பேச்சு. ரவிக்கையை அவர் இரண்டு சுற்று இறுக்கமாகத் தைத்துக் கொடுத்துவிட்டார், அது வேறு விஷயம்.

யோசித்துப் பாருங்கள். கூரைக்கு மேலே ஒளிய என்ன இடம் இருக்கிறது? ஊரே அண்ணாந்து பார்க்கிற இடத்தில் ஏறி நின்றுகொண்டு கள்ளத்தனம் செய்கிற பெண்ணை யாராவது பார்த்திருக்கிறார்களா? இதை நான் எத்தனை பேரிடம் கேட்டேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு அடுத்த வீட்டில் போய் வேறு மாதிரிப் பேசினார்கள். சுவர்தான் கூரைவரை இல்லையே, எனக்குக் கேட்காதா?

எனக்குக் கேட்டது என் மகனுக்கும் கேட்டது.

அவன் அவளிடம் கேட்டான். கேட்ட விதம்தான் சரியில்லை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "எதுக்கு அங்க முதல்ல?" என்றான். கேட்டில் நின்று பையைத் திறக்கச் சொல்கிற அதே குரல். அவள் பாத்திரத்தைத் துடைத்து முடித்துவிட்டு, "மேல வந்து பாருங்க, தெரியும்" என்றாள். அவனுக்கு உயரம் ஆகாது, சின்ன வயதிலிருந்தே. நாற்காலியில் ஏறினாலே கால் நடுங்கும். அது அவளுக்கும் தெரியும். அவள் வேண்டுமென்றே குத்திச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா, எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அவன் குத்தலாகத்தான் எடுத்துக்கொண்டான்.

பிறகு நான் அவளிடம், வாயைத் திறந்து விவரமாகச் சொல்லேன் அம்மாடி, மீனைக் காட்டேன் என்று சொன்னேன். "அவரு கேக்கலை அத்தை, விசாரிக்கிறாரு" என்றாள். அதற்கு மேல் அவளை அசைக்க முடியவில்லை. பிடிவாதத்தில் எனக்குச் சளைத்தவள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. அவனுக்கு விடுமுறை. அவள் ஐந்தாம் வீட்டை முடித்து, நான்காம் வீட்டோடு சேர்க்கிற இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். நான் வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்து போனான். தையல்காரர் வாசலில் சாத்தியிருந்த ஏணியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்து வந்தான். வீட்டுக்குள் கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டினான்.

எல்லா வாசலிலும் ஆள். எல்லோரும் மேலே பார்த்தார்கள். அசல் ஆண்பிள்ளை வீட்டுக் கூரையில் இறங்க வழியில்லாமல் என் மருமகள் நிற்கிறாள். அதை எல்லோரும் பார்க்கவேண்டும் என்றுதான் அவன் செய்தான்.

அவள் கையிலிருந்த திருகாணியை முடுக்கி முடித்தாள். சாமானைப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு கூரையின் முகட்டிலேயே, நான்காம் வீடு, மூன்றாம் வீடு, இரண்டாம் வீடு என்று ஆணி வரிசை பார்த்துக் காலை வைத்து வைத்து நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். பக்கத்தில் இருந்த தண்ணீர் டிரம்மில் கால் வைத்து இறங்கினாள். நான் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள், உள்ளங்கை ஈரமாக இருந்தது. உள்ளே போய் உலை வைத்தாள்.

அன்று நான் என் மகனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். அவன் கடைசிவரை ஒரே பேச்சுதான். "நான் என்ன தப்பாக் கேட்டேன்? அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல." சொல்லியிருக்கலாம்தான். அதற்காக ஏணியை எடுப்பதா?

அந்த ஏணிக் கூத்துக்குப் பிறகு மூன்றாம் வீட்டுக்காரி தன் கூரையில் அவள் காலை வைக்கக்கூடாது என்றுவிட்டாள். நாளைக்கு என் வீட்டுக்காரர் தலையையும் உருட்டுவார்கள் என்றாள். போதாக்குறைக்கு, நான்காம் வீட்டுக் கூரையில் நல்ல ஆணியெல்லாம் கழற்றி உன் மருமகள் டப்பாவில் சேர்க்கிறாள், எதற்கு என்று கேட்டாள். துருப்பிடித்து வாஷர் உதிர்ந்த ஆணி அவை. அவள் வேலை செய்த இடத்தில் ஒன்றைக்கூடக் கீழே விடமாட்டாள், யார் காலிலாவது குத்தும் என்று.

அவள் மறுபடி ஏணியை எடுத்துப்போனதில் ஐந்தும் நான்கும் முடிந்துவிட்டன. மூன்று அப்படியே நின்றால் அதற்கப்புறம் இரண்டும் ஒன்றும் செய்ய முடியாது. கூரை நடுவில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அரைகுறையாகப் பிரித்த கூரை பழைய கூரையைவிட மோசம் என்று அவளே சொன்னாள். ரேடியோவில் கடலில் காற்று உருவாகியிருக்கிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தகடு பிய்ந்தால் ஏணி கெடுத்துவிட்டாள் என்பார்கள், அப்புறம் அவள் இந்தத் தெருவில் தலை நிமிர முடியாது. எனக்கு அந்தக் கவலைதான்.

நான் மூன்றாம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். "உனக்கு அவ மேல சந்தேகம்தானே? நல்லாச் சந்தேகப்படு. ஏணி மேல ஏறி உக்காந்துக்கிட்டே சந்தேகப்படு. ஒவ்வொரு ஆணியும் உன் கையால எடுத்துக் குடு, கழட்டினத உன் கையால வாங்கி வை" என்றேன். அவளால் மறுக்க முடியவில்லை. அருகில் இருந்து பார்க்கிற ஆசை அவளுக்கு அவ்வளவு.

மறுநாள் காலையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியின் மேல் படியில் ஏறி உட்கார்ந்தாள் பாருங்கள், இறங்கவே இல்லை. காபிகூட மேலே போனது. கண் கொட்டாமல் பார்த்தாள். பழைய ஆணியை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள், ஆதாரமாம். புது ஆணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். இரண்டு நாள் போனதும் என் மருமகள் கை நீட்டுவதற்குள் ஆணி அங்கே இருந்தது. இப்படி வேலை தெரிந்த ஆள் எனக்கு முன்பே கிடைத்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும் என்று என் மருமகள் சொன்னாள். அவள் கேலி செய்து நான் கேட்டது அது ஒருமுறைதான்.

இரண்டாம் வீடு தகராறு இல்லாமல் முடிந்தது. கடைசியில் எங்கள் வீடு. கடல் பக்கத்து ஓரத் தகட்டை மடித்து, அதன்மேல் இரும்புப் பட்டை போட்டு, சுவரில் போல்ட் இறக்கினாள். மேலே இருந்த கல்லையெல்லாம் கீழே தள்ளினாள். "இனி இது வேண்டாம். பறந்தா இதுதான் முதல்ல ஆளைக் கொல்லும்."

புயல் ஒரு மத்தியானம் வந்தது. வானம் சாம்பலாகிப் பிறகு கறுத்தது. நாங்கள் மூன்று பேரும் நடு அறையில் உட்கார்ந்திருந்தோம். காற்று அடித்த அடியில் கதவு உள்ளே உள்ளே தள்ளியது. கூரை உறுமியது. ஆனால் அந்தப் பழைய டபடபச் சத்தம் இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு அதற்காகவே காத்திருந்தேன், வரவில்லை. அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி மேலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஆணியையும் பெயர் சொல்லி விசாரிப்பது போல அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. சாயங்காலம் காற்று தளர்ந்தபோது ஐந்து வீட்டிலும் ஒரு தகடு அசையவில்லை. எதிர் வரிசையில் இரண்டு வீடுகளுக்குக் கூரையே இல்லாமல் மேலே வானம் தெரிந்தது.

சுவருக்கு மேலாக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குரல் வந்தது. இருக்கிறீர்களா, இருக்கிறோம். தையல்காரர், ஒரு துணி நனையலை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம்.

என் மகனுக்கு மனசு இளகிவிட்டது. அவனும் கெட்டவன் இல்லை. எழுந்து வந்து அவள் எதிரே நின்றான். "சரி விடு. நடந்தது நடந்துபோச்சு. நான் உன்னை மன்னிச்சுட்டேன்" என்றான். நல்ல சத்தமாகத்தான் சொன்னான். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுகூட நினைத்திருப்பான்.

அவள் கண்ணைத் திறந்தாள். "எதை?"

"எதையோ. அதான் மன்னிச்சுட்டேன்னு சொல்றேன்ல."

பிறகு இரண்டாம் வீட்டிலிருந்து, "பெரிய மனசு" என்று ஒரு குரல். மூன்றாம் வீட்டுக்காரி, அவள்தான், நாள் கணக்கில் ஏணியில் உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுத்தவள், அந்தக் கூரையில் நடந்தது அத்தனையும் கண்ணால் பார்த்தவள், அவள் சொல்கிறாள்: "தம்பிக்குத் தங்கமான குணம். வேற யாரா இருந்தா?"

புரிகிறதா உங்களுக்கு? அதுவரை அது வெறும் சந்தேகம். புருஷனே மன்னித்துவிட்டான் என்றால் மன்னிக்கிற மாதிரி ஏதோ இருந்தது என்றுதானே ஆகிறது? அந்த ஒரு வார்த்தையில் அவன் அதை நடந்ததாகவே ஆக்கிவிட்டான்.

அன்று அவள் என் பக்கத்தில் படுத்தாள். "மன்னிச்சு வெச்சிருக்கிற வீட்ல எப்படி அத்தை இருக்கறது?" என்றாள். காலையில் என் மகனை நிறுத்தி, சொன்ன வார்த்தையைத் திரும்ப எடு, அதே சத்தத்தில், அதே சுவருக்குக் கேட்கிற மாதிரி, நான் தப்பாக நினைத்தேன் என்று சொல் என்றேன். அவன் விழித்தான். "நல்லதுதானே சொன்னேன்? அதை எப்படித் திரும்ப எடுக்கறது?" என்றான். சரி, ஏணியில் பாதிவரைக்குமாவது ஏறிப் பார், ஓரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று உன் கண்ணால் பார்த்துவிட்டு வா என்றேன். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். சாயங்காலம் கேட்டேன். மழுப்பினான். அவள் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் காத்திருந்தாள். அவனுக்காகத்தான்.

அப்பாவோடு வேலை செய்த ஷெட் கோஷ்டிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். புயல் அடித்த இடமெல்லாம் கூரை வேலை கிடந்தது. வண்டி தெருக்கோடியில் வந்து நிற்கும் என்றாள். நேரத்தை அவளே குறித்தாள்: ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்பொழுது, எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம். இருட்டில் போனால்தான் ஓடிப்போனதாகச் சொல்வார்கள் என்று நினைத்திருப்பாள், பாவம். வெயிலில் போனாலும் சொல்வீர்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

போகாதே என்று நான் சொல்லவில்லை. அது ஒன்றை வைத்துத்தான் விரட்டிவிட்டாள் என்கிறீர்கள். என் மகன் வார்த்தையைத் திரும்ப எடுக்காத வீட்டில் இரு என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். என் மகன் வாசலில் குறுக்கே நின்றான். போகாதே என்று சொல்லப்போகிறான், ஒரு வார்த்தையாவது சொல்லப்போகிறான் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் வந்துவிட்டது. அவன் கை நீண்டது. பையைப் பார்த்து நீண்டது. அது அவனுக்கே தெரிந்து நீண்டதா, கை தானாக நீண்டதா, தெரியாது. தினமும் எத்தனை பேரிடம் நீட்டுகிற கை.

அவள் பையைக் கீழே வைத்து, அதன் வாயை அகலமாக விரித்துக் காட்டினாள். அவனும் குனிந்தான். திருகாணி முடுக்குகிற மெஷின், இரண்டு புடவை, சீப்பு, வாஷர் பொட்டலம், பழைய ஆணி டப்பா. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தான். அடிவரைக்கும் பார்த்தான். பிறகு நிமிர்ந்து ஒதுங்கி வழிவிட்டான்.

"சரி, போ" என்றான். கேட்டில் எல்லோரிடமும் சொல்கிற அதே சொல். சொன்ன பிறகுதான் அவன் முகம் வெளுத்தது. ஆனால் அதற்குள் அவள் பையை மூடிவிட்டாள்.

நான் ஏணியில் கிடந்த என் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் முன்பக்கக் கொக்கியிலிருந்து கழற்றினாள், நான் பின்பக்கத்திலிருந்து கழற்றினேன். நடை குறுகல், திருப்ப இடம் போதாது. கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் இறக்கி என்று அவள் சொல்லச் சொல்ல, நிலையில் ஒரு கீறல் விழாமல் முன்முனை வெளியே வெயிலுக்குப் போனது.

"பின்னாடி நல்லாப் பிடிச்சுக்கிட்டீங்களா அத்தை?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"பிடிச்சிருக்கேன். நட" என்றேன்.